அடைப்புக்குறி இல்லாத ஆறு

போசரி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி லிப்டுகளுக்கு நிரல் எழுதுகிறது. கதவு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு மேக்ரோ, அதாவது ஒரு சுருக்கப் பெயர், உண்டு. கதவுநேரம் என்றால் 4 + 2 என்று எங்கள் தலைவர் விலாஸ் கரந்தீகர் எட்டு வருஷத்துக்கு முன் எழுதி வைத்தது. இப்போதுதான் முதல்முறையாக ஓர் ஆஸ்பத்திரி லிப்ட் வந்தது. ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டுமே, அதனால் கதவுநேரத்தை இரண்டால் பெருக்கினோம்.

நான் கேதகி சாட்டே. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ள, கடைசி நேரத்தில் ஒரு சோதனை வரி சேர்த்தேன். பெருக்கி வருவது பத்துக்குக் குறைந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். லிப்ட் ஓடும்வரை காத்திருக்க வேண்டாம்.

நிரலை அனுப்ப வேண்டிய நாளில், சாப்பாட்டு வேளையில், கம்பைலர் நின்றது.

"கேதகி, நாலும் ரெண்டும் எவ்ளோம்மா?" என்றார் கரந்தீகர்.

"ஆறு சார்."

"ரெண்டு மடங்கு?"

"பன்னெண்டு."

"அது பத்தைவிடக் கம்மியா?"

"டிகிரிய எந்தக் கடையில வாங்கின? நானும் ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றான் பக்கத்து மேசை மந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் சோதனைதான் தப்பு. தூக்கிடு. கஸ்டமர் போன்ல உயிரை வாங்குறான்" என்றார் கரந்தீகர்.

தூக்கினேன். என் கண்ணுக்கும் பன்னிரண்டுதான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து அந்த ஆஸ்பத்திரியில் கதவின் சென்சார் பழுதாகியிருந்த நேரம் பார்த்து கதவு சீக்கிரமே மூடியது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டிருந்த ஆயா ரகுமாபாயின் மூன்று விரல்கள் நசுங்கின.

அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். மேக்ரோவின் பெயர் வரும் இடத்தில் கம்பைலர் ஆறு என்று போடுவதில்லை. எழுதியிருப்பதை அப்படியே ஒட்டுகிறது. 4 + 2 * 2. பெருக்கல்தான் முதலில், ஆகவே எட்டு. அதை எழுதிய மனிதர் 4 + 2 என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் போதும், பன்னிரண்டு வந்திருக்கும்.

விசாரணையில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்ற பதிவைத் திறந்தார்கள். நிரலைப் புதிய சர்வருக்கு மாற்றியபோது பழைய வரிகளை எழுதியவர்களின் பெயர்களெல்லாம் போய்விட்டன. சோதனையை நீக்கியதற்கு மட்டும் என் பெயர், தேதி, 'தவறான சோதனை' என்று நானே எழுதிய காரணம்.

"அடைப்புக்குறி போடாதது நீங்க சார்" என்றேன் கரந்தீகரிடம்.

"இருக்கட்டும். தடுத்து நின்னதை எடுத்தது யாரு?"

"நீங்க சொல்லித்தானே எடுத்தேன்!"

"எழுத்துல இருக்கா?"

இல்லை. வேலை போயிற்று. அவருடைய அறை அவருக்கே இருக்கிறது.

ரகுமாபாயைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி ஆயாக்களை மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் எங்கள் ஊரில் கூப்பிடுவோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தாள்.

"இவ்ளோ பெரிய மெஷினு, இப்படி ஆகும்னு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாதாம்மா?" என்று கேட்டாள்.

"சொல்லாது மாவ்ஷி" என்றேன்.