தீயணைப்புக் கூடத்துக் குலுக்கல்

சுவரொட்டியில் மேலே என் மகள் கேண்ட்ராவின் படம், கீழே ஒரு வேட்டைத் துப்பாக்கியின் படம். இரண்டுக்கும் நடுவில், 'கேண்ட்ரா ஷேஃபர் குடும்பத்துக்கு உதவ விருந்தும் குலுக்கலும்' என்று தடித்த எழுத்து. தபால் நிலையம், தீவனக் கடை, தேவாலய வாசல் என்று எங்கும் ஒட்டியிருந்தார்கள். ஊரே பார்த்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு பால் லாரியை ஓட்டிப் போய்விட்டேன்.

என் மனைவி லுவானுக்குத்தான் உறைத்தது. தீவனக் கடைச் சுவரிலிருந்து அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு, நேராக என் தம்பி டுவைட் வீட்டுக்குப் போனாள். டுவைட் எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் தலைவன். விருந்து அவன் ஏற்பாடு.

"சுட்டுக் கொன்னுட்டானே, அந்தப் புள்ளைக்காகத் துப்பாக்கியவா குலுக்குறீங்க? ஒருத்தனுக்குமா மண்டையில ஒண்ணும் இல்ல?"

டுவைட் சுவரொட்டியைப் பார்த்தான். முதல் தடவை பார்ப்பவன் போல வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணி, நாங்க எல்லாத்துக்கும் அதைத்தானே பரிசா வைக்கிறோம். யோடர் வீட்டுக் கொட்டகை எரிஞ்சப்பவும் இதுதான். பாஸ்டருக்குச் சிறுநீரகம் மாத்தினப்பவும் இதுதான். கேக்கு வச்சா எவன் சீட்டு வாங்குவான்? டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பரிவு என்றால் அப்படித்தான். கூடத்தில் பன்றித் தொடைக்கறி வேகும், முன் மேசையில் ஒரு துப்பாக்கி இருக்கும், ஊரார் பணத்தை நீட்டுவார்கள். மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்தையே மூடுகிற ஊர் இது. என் வீட்டுப் பீரோவிலும் அப்பாவின் துப்பாக்கிகள் இருக்கின்றன. கேண்ட்ராவுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிராவிஸ் என்பவன் கேண்ட்ராவோடு பழகினான், பிறகு அவள் போதும் என்றுவிட்டாள். ஒரு வியாழக்கிழமை மதியம் அவன் லெஸ்டர் ஹம்மல் கடையில் கைத்துப்பாக்கி வாங்கினான். சாயங்காலம் அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் அவளைச் சுட்டான், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். எல்லாம் சட்டப்படி வாங்கியது. அவன் பேரில் ஒரு வழக்குக்கூட இல்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவன்.

அதற்குப் பிறகு எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. சாப்பாடு வாயில் போகும், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. சவ அடக்கத்தில் என்னைக் கட்டிப்பிடித்தவர்கள் எல்லாரும் ஈரமாக இருந்தார்கள், நான் மட்டும் காய்ந்த விறகு.

அந்த நேரம் பார்த்துத்தான் சட்டம் வந்தது. துப்பாக்கி வாங்கினால் மூன்று நாள் கழித்துத்தான் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு மசோதா. செவ்வாய்க்கிழமை மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் சட்டமன்றக் குழு முன்னால் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. லுவான் பேசப் பெயர் கொடுத்துவிட்டாள். டுவைட்டும் கொடுத்துவிட்டான், எதிர்த்து. இருவரும் என்னைத் தங்கள் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

இருவரும் ஆளுக்கொரு கட்டுக் காகிதம் அச்செடுத்து வைத்திருந்தார்கள். லுவானின் காகிதத்தில், சட்டம் இறுகிய மாநிலங்களில் சாவு குறைவு. டுவைட்டின் காகிதத்தில், சட்டம் இறுகிய மாநிலங்களின் நகரங்களில்தான் தினம் துப்பாக்கிச் சூடு நடக்கிறது. இரண்டையும் லாரியில் வைத்துப் படித்தேன். ஓர் இடத்தில் ஒரே எண்ணை இரண்டு பேரும் மேற்கோள் காட்டியிருந்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்து. படித்தவர்கள் எழுதியது, எனக்குப் பிடிபடவில்லை. என் மகள் எந்த எண்ணில் இருக்கிறாள் என்று தேடினேன், அதுவும் தெரியவில்லை.

விருந்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. மரியாதைக்கு எங்களை முன்வரிசை மேசையில் உட்கார வைத்தார்கள். எங்களுக்கு எதிரே டுவைட். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"மூணு நாளு. மூணே மூணு நாளு அவன் கையில அது இல்லாம இருந்திருந்தா..." என்றாள் லுவான்.

"இருந்திருந்தா அவன் கத்திய எடுத்திருப்பான் அண்ணி. இல்ல, அவன் மாமன் வீட்டுத் துப்பாக்கிப் பீரோவத் திறந்திருப்பான். கெட்டது பண்ணப் போறவன் வரிசையில நிப்பானா? உங்க சட்டத்துக்கு நிக்கிறவன் நானும் அண்ணனும்தான்."

"நில்லேன். நின்னா கால் ஒடிஞ்சிருமா?"

"நான் நிப்பேன். ராத்திரி ஒருத்தன் மிரட்டுறான்னு பயந்துபோய் ஒரு பொண்ணு வாங்க வந்தா? அவளையும் மூணு நாள் கழிச்சு வான்னு அனுப்புவாங்களா? நம்ம புள்ளை கைப்பையில ஒண்ணு இருந்திருந்தா இன்னைக்கு இங்க இருந்திருப்பா."

"அவ பல்லைச் சுத்தம் பண்ற வேலை பாத்தாடா. இடுப்புல துப்பாக்கிய கட்டிக்கிட்டா பண்ணணும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் தட்டைக் குனிந்து பார்த்துச் சாப்பிட்டார்கள். டுவைட் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீதான் சொல்லேன். அந்தச் சட்டத்தால குத்தம் குறையுமா?"

"உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு," என்றேன்.

லுவான் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் குரல் தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும். தாழ்ந்தது.

"ஹார்லன், குலுக்கல் முடிஞ்சதும் உன்னை நன்றி சொல்லக் கூப்பிடுவாங்க. அப்ப எல்லாருக்கும் முன்னால, செவ்வாய்க்கிழமை என் மனைவிகூடப் போறேன்னு சொல்லு. சொல்லலைன்னா நான் இப்படியே யார்க் நகரத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். பெட்டி கார்லதான் இருக்கு."

"மிரட்டுறியா?"

"இல்ல. பக்கத்துல ஒரு மரக்கட்டைய வச்சுக்கிட்டு என்னால துக்கம் கொண்டாட முடியல."

அதைக் கேட்டும் எனக்கு வலிக்கவில்லை. அவள் போனால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதுவும் வேறு யாருடைய வீடோ போலத்தான் இருந்தது. ஆனால் அவள் போகக்கூடாது என்பது மட்டும் புத்திக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லித்தான் அவளை நிறுத்த முடியும் என்றால், அதைச் சொல்ல வாய் வருமா என்பதுதான் தெரியவில்லை.

குலுக்கல் தொடங்கியது. சீட்டு எடுத்துக் கூப்பிடுபவள் வயலட் அம்மா. இந்தக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பிங்கோ விளையாட்டுக்கு எண் கூப்பிடுபவள், தூக்கத்தில் எழுப்பினாலும் அதே ராகத்தில் கூப்பிடுவாள். பழக்கூடைகள் போயின, ஒரு ரம்பம் போயிற்று. கடைசியில் துப்பாக்கி. வயலட் அம்மா சீட்டுகள் கிடந்த பீப்பாயைச் சுழற்றி, கையைவிட்டு, ஒரு சீட்டை எடுத்துக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தாள்.

"கேண்ட்ரா ஷேஃபர்!" என்று ராகம் போட்டாள். "கேண்ட்ரா, வந்திருக்கியா கண்ணு?"

அப்புறம்தான் தான் வாசித்தது என்ன என்று அவளுக்கே புரிந்தது. மைக்கை வாயிலிருந்து இறக்கினாள். கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

டுவைட் முகம் செங்கல்லாகச் சிவந்தது. "அவ பேர்ல சீட்டு எடுத்தேன்ணே," என்றான். "ஒரு மரியாதைக்கு. சத்தியமா மரியாதைக்குத்தான்."

பின்வரிசையில் எவனோ, நல்ல மனசுக்காரன்தான், கைதட்ட ஆரம்பித்தான். அது பரவியது. என் மகள் துப்பாக்கி ஜெயித்ததற்கு ஊரே கைதட்டியது. சிலர் அழுதுகொண்டே தட்டினார்கள். லுவான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து முன்னால் போனேன். பேர் கூப்பிட்டால் யாராவது போக வேண்டுமே.

துப்பாக்கி மேசைக்குப் பின்னால் லெஸ்டர் ஹம்மல் நின்றிருந்தான். குலுக்கலில் விழுந்தாலும் துப்பாக்கி கடைக்காரன் வழியாகத்தான் கைமாற வேண்டும், எங்கள் பகுதியில் கடைக்காரன் அவன்தான். சவ அடக்கத்துக்கு வந்து வேலியோரமாகவே நின்றுவிட்டுப் போனவன். இப்போதும் என் முகத்தைப் பார்க்காமல், மனப்பாடமாக ஒப்பித்தான்.

"திங்கக்கிழமை கடைக்கு வா ஹார்லன். ஒரு கையெழுத்து, உன் பேர்ல வழக்கு இருக்கான்னு கேக்க ஒரு போன். காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். உன்னை எனக்குத் தெரியாதா?"

"டிராவிஸையும் உனக்குத் தெரியும்," என்றேன்.

குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்தது. வயலட் அம்மா மைக்கை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டிருந்தாள், கூடம் முழுக்கக் கேட்டது.

"தெரியும்," என்றான் லெஸ்டர். "சின்னப் பையனா இருந்தப்ப நான் பயிற்சி கொடுத்த பேஸ்பால் அணியில ஆடினவன். போன்ல சரின்னு சொன்னாங்க ஹார்லன். எல்லாம் சட்டப்படிதான் பண்ணேன்."

"உன்னைத் தப்பு சொல்லல. அன்னைக்கு எப்படி இருந்தான், அவன்?"

இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. போலீசுக்குக் கையெழுத்துச் சரியாக இருந்தது போதும். லெஸ்டர் துப்பாக்கியின் மேல் கையை வைத்தான், எடுத்தான்.

"அழுதிருந்தான். கண்ணெல்லாம் வீங்கி இருந்துச்சு. என்னடான்னு கேட்டேன். சளின்னான்."

"நீ என்ன சொன்ன?"

"உடம்பப் பாத்துக்கன்னேன்." மேசை விரிப்பை இழுத்துவிட்டான். "எனக்கு என்னமோ சரியாப் படல ஹார்லன். ஆனா நான் வளத்த பையன், மூஞ்சி சரியில்ல, தரமாட்டேன்னு எப்படிச் சொல்றது? சட்டம் அப்படி, ஞாயித்துக்கிழமை வாடான்னு சொல்ல ஒரு சாக்கு இருந்திருந்தா சொல்லியிருப்பேன். அவனும் திட்டிட்டுப் போயிருப்பான். எனக்குச் சாக்கு இல்ல."

டுவைட் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான்.

"செவ்வாய்க்கிழமை வந்து இதை அங்க சொல்றியா?" என்று லெஸ்டரிடம் கேட்டேன்.

அவன் கூடத்தைப் பார்த்தான். அவனிடம் வாங்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். "முடியாதுப்பா," என்றான். "நான் இங்க வாழணும்."

துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு நன்றி சொல்ல மைக்கை எடுத்தேன். சாப்பாடு போட்டதற்கு நன்றி சொன்னேன். மைக்கைக் கீழே வைத்தேன். நேராக லுவானிடம் போய் நின்றேன்.

"வர்றேன்," என்றேன்.

"என்ன சொல்வ, அங்க?"

"குத்தம் குறையுமான்னு கேட்டா தெரியாதும்பேன். நெசமாவே தெரியல எனக்கு. லெஸ்டருக்கு ஒரு சாக்கு இல்லாமப் போச்சுன்னு மட்டும் சொல்வேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அழுதானாமே," என்றாள். "நம்ம வீட்டுக்கு வந்திருக்கக்கூடாதா, அந்த முட்டாப் பய? ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடான்னு சொல்லியிருப்பேனே."

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. அத்தனை பேர் முன்னால், தட்டுகளுக்கு நடுவில் தலையை வைத்து அழுதேன். என் மகளுக்காக வராத அழுகை அவளைக் கொன்றவனுக்காகவா வரவேண்டும் என்று அவமானமாக இருந்தது. லுவானிடம் அதைச் சொன்னேன். அவள் என் முதுகில் கையை வைத்து, "யாருக்காகவாச்சும் அழு," என்றாள்.