அக்கினி மூலைக் கிணறு

1997 அக்டோபர் 11, சனிக்கிழமை. டெக்சாஸ், மெக்கின்னிக்குக் கிழக்கே பழைய பருத்திப் பண்ணை ஒன்றில், கிணறு மூட ஒரு டிரக் மண் வந்து நின்றது.

நிலம் நஞ்சப்பனுடையது. காப்பெல் நகரில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், வீடு கட்ட வாங்கிய இரண்டு ஏக்கர். கிணறு தென்கிழக்கில், அக்கினி மூலையில் இருந்தது. அதை மூடாமல் பூமி பூஜை கிடையாது என்று மனைவி ராஜலக்ஷ்மி சொல்லிவிட்டாள்.

டிரக்குக்குப் பின்னாலேயே ஒரு வாடகைக் கார் வந்தது. இறங்கிய ஜெர்மன் கிழவரின் பெயர் வெர்னர். போரில் பிடிபட்டு, 1944இல் இதே பண்ணையில் பருத்தி எடுத்த கைதி. கிணற்றைத் தோண்டியதும் தானும் நண்பன் கூர்ட்டும்தான் என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னார்.

நஞ்சப்பனுக்கு டிரக் மறந்துபோயிற்று. சூலூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் வளர்ந்தவர், கேள்வி மேல் கேள்வி கேட்டார். இந்தக் கரிசலில் தோண்டும்போது பக்கம் சரியவில்லையா? இரண்டு முறை சரிந்தது. காவல்? ஒரே ஒருவன், அவனும் மரத்தடியில் தூங்குவான். வேலி? இல்லை.

"அப்புறம் ஏன் ஓடவில்லை?"

"எங்கே ஓடுவது? நாலு பக்கமும் பருத்தி."

வெர்னர் வந்த காரியம் வேறு. ஊற்று கண்ட மறுநாளே அவர்களை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். கலங்கல் தெளியவில்லை, குடித்துப் பார்க்கவில்லை. நல்ல தண்ணீர் என்று கூர்ட் சாதிக்கிறாராம். உப்பு என்று இவர். இன்னும் தீராத சண்டை.

"ஏனுங்க, டிரக்குக்காரன் வெயிட் பண்றானுங்க," என்றாள் ராஜலக்ஷ்மி.

"இரு. தண்ணி உப்பான்னு பாத்துரலாம்."

"எடம் வாங்கி இத்தன மாசமாச்சு, நீங்க குடிச்சே பாக்கலீங்களா?"

"மூடப்போற கெணத்துல என்னத்தப் பாக்கறது?"

அவள் முணுமுணுத்தபடி பூஜைக்குக் கொண்டுவந்த செம்பை எடுத்து வந்தாள். டிரைவர் கயிறு கொடுத்தான்.

வெர்னர் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது, பிறகு சிரித்தார். நஞ்சப்பனும் குடித்தார். உப்பேதான்.

"இந்த உப்புத் தண்ணிக்கா ஜெர்மனில இருந்து வந்தாரு! அந்த ஃபிரெண்டுக்கு ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுங்க," என்றாள் ராஜலக்ஷ்மி.

நஞ்சப்பன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். வெர்னர் இல்லையென்று தலையை ஆட்டினார். "கூர்ட் நம்பமாட்டான். நான் உப்புப் போட்டேன் என்பான். அவனே வந்து குடிக்க வேண்டும்."

ராஜலக்ஷ்மி கிணற்றைப் பார்த்தாள், டிரக்கைப் பார்த்தாள்.

"அந்த மூலைய வெட்டி வேலி போட்டுட்டா, கெணறு நம்ம எடத்துல சேராதுங்க. எங்க சித்தப்பா அப்படித்தான் பண்ணுனாரு."

மண்ணை வீடு கட்டும் இடத்தில் கொட்டினார்கள். நவம்பரில் வேலி போட்டார்கள். அடுத்த கோடையில் கூர்ட் வந்து, குடித்துப் பார்த்து, உப்பு என்று ஒப்புக்கொண்டார்.