பொது அண்டா

உழவர் கூட்டுறவுச் சங்கத்தின் நீர்ப்பரிசோதனை நாளன்று, உறுப்பினர்கள் தத்தம் கிணற்று நீரைப் புட்டியில் கொண்டுவந்து, சங்க அறையின் நடுவில் வைத்திருக்கும் அண்டாவில் ஊற்றுவார்கள். செயலாளர் அகப்பையால் துழாவி, அந்தக் கலவையில் ஒரு புட்டியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புவார். வருகின்ற முடிவு எல்லாருக்கும் பொது. எவர் கிணறு கெட்டது என்று எவரும் எவரையும் நோக்கி விரல் நீட்ட வேண்டியதில்லை. காய்கறி வாங்க வருபவனும் சான்றிதழைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வான். இந்த அக்கிரமத்துக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் ஒற்றுமை.

கடைக்கோடி வீட்டு இளைய மருமகள் மட்டும் அன்று புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். போன மாதம் அவளுடைய கைக்குழந்தையின் உதடுகள் மை தடவியதுபோல் நீலம் பாரித்திருந்தன. பால்மாவில் கலக்கும் கிணற்று நீரில் எருவின் நஞ்சு இறங்கியிருக்கும் என்றும், காய்ச்சினால் அது இன்னும் கெட்டியாகுமே தவிரப் போகாது என்றும் செவிலி எச்சரித்திருந்தாள். பரிசோதனை முடிவு வரும்வரை அவ்வீட்டுக்குக் கேன் தண்ணீர் தரச் சங்கத்தையும் இணங்க வைத்திருந்தாள். கேன் வந்தபின் உதடுகள் சிவக்கத் தொடங்கின. முடிவு நல்லதென்று வந்துவிட்டால் கேன் நின்றுவிடும்.

"பெரியத்தான், எங்க தண்ணிய மட்டும் தனியா அனுப்புங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

செயலாளர் அவள் கணவனின் அண்ணன். அவருடைய கோழி எருக்குவியல் மேட்டில் இருந்தது. அவளுடைய கிணறு பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் எது எங்கே இறங்கும் என்பது அந்த அறையில் தெரியாதவர் இல்லை.

"தனிக்குடித்தனம் கேட்டே, குடுத்தோம். இப்போ தண்ணிக்கும் தனிக்குடித்தனமா?"

அறை குலுங்கிச் சிரித்தது.

"புள்ளையோட உதட்டப் பாத்தீங்கல்ல?"

"அப்பன் ஊதுற சிகரெட்டுக்குப் புள்ள உதடு கறுத்திருக்கும்மா!" என்றான் பம்புசெட் மெக்கானிக். மறுபடியும் சிரிப்பு.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் கால்விரல்களைப் பார்த்தான்.

"அண்ணன் சொல்றபடி செய்யேன். நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காத."

செயலாளர் புட்டியைப் பிடுங்கவில்லை. அவர் பெரிய மனிதர். கையை மட்டும் நீட்டினார். கணவனே அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புட்டியை வாங்கிக் கொடுத்தான். தண்ணீர் மடமடவென்று அண்டாவில் இறங்கியது.

"இப்போ இதுல உன் தண்ணி எது, என் தண்ணி எது? காட்டு பாப்போம்," என்றார் செயலாளர், அகப்பையைச் சுழற்றியபடி.

குடிக்கத் தக்க நீர் என்று முடிவு வந்தது. கைதட்டினார்கள்.

மறுநாள் கேன் வண்டி அவள் வாசலில் நிற்காமல் மேட்டில் ஏறி, செயலாளர் வீட்டுக்கு முன்னால் நின்றது. அவள் பின்னாலேயே ஓடினாள். இறக்கிய கேன்களைச் செயலாளரின் மனைவி உள்ளே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு கேன். புள்ளைக்கு மட்டும்."

"ஐயையோ, எம்பொண்ணு மாசமா இருக்காடி! அவளுக்குன்னு சொல்லி வச்சு வாங்கினது. உனக்கென்ன கொறச்சல்? கெணறு நெறைய நல்ல தண்ணி. சங்கமே சொல்லிடுச்சே!"

கதவு சாத்தப்பட்டது.

அவள் மூச்சிரைக்க வீடு திரும்பியபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமியார் குழந்தையை மடியில் கிடத்திப் பால்புட்டியை வாயில் வைத்திருந்தாள். அடுப்பில் பாத்திரம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"பசில கத்துறான், நீ எங்கேடி போயிட்டே? தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுட்டேன். பாதியாச் சுண்டிடுச்சு. இனிமே அதுல என்ன இருக்கப் போகுது?"

"அத்தை, எடுங்க! வாயிலேருந்து எடுங்க!"

பாய்ந்தவளின் மணிக்கட்டைக் கணவன் பின்னாலிருந்து பற்றினான். முறுக்கவில்லை, விடவும் இல்லை.

"குடிக்கட்டும் விடு. அண்ணனப் பொய்யனாக்கணுமா?"

குழந்தை அவளைப் பார்த்துக் கால்களை உதைத்துக்கொண்டு, பால்புட்டியை ஒட்ட உறிஞ்சி முடித்தது.