ஒரு வரிசைக்கு மட்டும் மல்லிகைத் தண்ணீர்

நக்கோன் பத்தோம் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி, தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. பெயர் ராம்பா. பதினோரு வருஷமாக எலி வளர்க்கிறேன். ஒருத்தியும் என்னைக் கடித்ததில்லை.

புன்யோங் என்பவரின் பண்ணையில் பன்றிகள் செத்த குட்டிகளாக ஈன்றன. வைரஸோ என்று சந்தேகம். செத்த பன்றிக்குட்டியின் சாற்றை ஆறு சினை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார் டாக்டர் விமோன். அடுத்த வரிசை ஆறுக்கு வெறும் உப்புத் தண்ணீர். முதல் வரிசையில் மட்டும் குட்டிகள் செத்தால் வைரஸ்தான். புன்யோங்கின் முப்பது தாய்ப் பன்றிகளையும் கொன்று புதைக்க வேண்டும்.

எலிகள் ஈன்ற அன்று எனக்கு மனசு கேட்கவில்லை. சாகப்போகிற உயிரிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். சோங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகைக்கு வாங்கிய மல்லிகைத் தண்ணீரை விரலில் தொட்டு, முதல் வரிசைக் குட்டிகளுக்கு மட்டும் தடவினேன். உப்புத் தண்ணீர்க்காரிகளுக்கு என்ன கேடு?

மறுநாள் அந்த ஆறு கூண்டிலும் குட்டிகள் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. அடுத்த வரிசையில் நிம்மதியாகப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"செத்த குட்டியத் தாயே கடிக்கும், வழக்கம்தான். வைரஸேதான். புன்யோங்குக்குச் சொல்லிடுறேன்" என்று டாக்டர் போனை எடுத்தார்.

வாசனை மாறினால் உயிருள்ள குட்டியையும் தாய் கடித்துவிடும். இத்தனை வருஷம் வளர்த்த எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. பாவி நான்!

"போனை வைங்க டாக்டர். இந்த வரிசைக்கு மட்டும் மல்லிகைத் தண்ணி தடவினேன்."

"எதுக்கு?"

"மன்னிப்புக் கேட்டேன்."

"ஏன்க்கா, ரெண்டு வரிசைக்கும் தடவித் தொலைச்சிருக்கக் கூடாதா?" தலையில் கை வைத்துக்கொண்டார். "போங்க, இன்னும் பன்னெண்டு சினை எலி எடுத்து வைங்க. முதல்லேருந்து செய்யணும்."

இந்த முறை கையுறை போட்டுக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டு வரிசையிலும் குட்டிகள் பிழைத்தன. வைரஸ் இல்லை, தீவனச் சோளத்தில் பூஞ்சை என்று பிறகு தெரிந்தது.

புன்யோங் போனில் அழுதார். "முப்பதும் பொழச்சிடுச்சுக்கா! உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

சோதனை முடிந்தால் எந்த எலியையும் உயிரோடு வைக்கக் கூடாது. அவர் பேசப் பேச நான் கூண்டுகளைக் கடைசி அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு தாய், தொண்ணூற்றேழு குட்டி. முதல் தடவை நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இவை சாக வேண்டியதே இல்லை.