பால் விட்ட தேத்தண்ணி

சத்திரசிகிச்சை என்றால் முதல்நாள் இரவிலிருந்தே பிள்ளைக்குப் பச்சைத் தண்ணிகூடக் காட்டக்கூடாது. அந்தப் பழைய சட்டத்தை நினைத்தாலே மரியகொறற்றிக்குப் பற்றிக்கொண்டு வரும். சிறுவர் வார்ட்டில் சிஸ்டராய் இருந்து அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இப்போது புதுமுறை வந்துவிட்டது. மயக்க மருந்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்புவரை தெளிந்த இனிப்புத் தண்ணி கொடுக்கலாம். வெட்டின அன்றே கஞ்சித்தண்ணி, மறுநாளே நடை, சுறுக்காக வீடு. இதை நம் வார்ட்டிலும் தொடங்குவோம் என்று அவள் கேட்டபோது மயக்க மருந்து டொக்டர் முகத்தைச் சுழித்தார். சத்திரசிகிச்சை டொக்டர் யோகநாதன்தான் தைரியம் சொன்னார்.

"பயப்படாதீங்கோ சிஸ்டர். என்ன வந்தாலும் நான் உங்களோட நிப்பன்."

அந்தச் சொல்லை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

முதல் பிள்ளை வெள்ளவத்தைச் சாரங்கன். ஐந்து வயது, சிறுநீரகத்தில் அடைப்பு. "விடிய எழுப்பி, சீனி போட்ட பிளேன்ரீ அரைக் கோப்பை குடுங்கோ. பால் ஒரு சொட்டும் கூடாது" என்று தாய் சுபோதினியிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் வார்ட்டுக்கு வந்ததும் கேட்டாள். "பிளேன்ரீதானே குடுத்தனீங்கள்?"

"ஓம் சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரியே."

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டொக்டர் பையனிடம் குனிந்தார். "தம்பி, காலமை என்ன குடிச்சனீர்?"

"பால் தேத்தண்ணி! அம்மா நிறையப் பால் விட்டவ."

அவ்வளவுதான். வயிற்றில் பாலோடு மயக்கினால் அது சுவாசப்பைக்குள் போனாலும் போய்விடும். தள்ளுகட்டில் அப்படியே திரும்பி வந்தது.

சுபோதினி விம்மினாள். "கோவிக்காதேங்கோ சிஸ்டர். செத்தவீட்டிலதானே பிளேன்ரீ குடுக்கிறது. பிள்ளையை ஒப்பரேசனுக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடேக்க அதைக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை."

"ஐயோ, அதை என்னட்டச் சொல்லியிருந்தா சீனித்தண்ணி குடுங்கோ எண்டிருப்பனே! பொய் ஏன் சொன்னனீங்கள்?"

கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்து, எத்தனை செத்தவீட்டில் அந்தப் பிளேன்ரீயைக் குடித்தவள் அவள். இது தனக்குத் தோன்றவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. சரி, தாய் பயத்தில் செய்தாள். யோகநாதன் டொக்டர் இருக்கிறார், கதைத்துச் சரிப்படுத்தலாம் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே மயக்க மருந்து டொக்டரிடம் யோகநாதன் கதைத்துக்கொண்டு நின்றார். "நான் அப்பவே சொன்னனான், இப்ப வேண்டாம் எண்டு. சிஸ்டர்தான் அவசரப்பட்டவ. இனிப் பழையபடியே செய்வம்."

மரியகொறற்றி அவர் முகத்தையே பார்த்தாள். மனிதர் கைபேசியைத் தடவத் தொடங்கினார். அட பாவி மனிசா, எப்போது ஐயா சொன்னீர்? மனதுக்குள் கேட்டுக்கொண்டே வார்ட்டுக்குத் திரும்பினாள்.

அடுத்தநாள் ஹெந்தளைப் பிள்ளை ஆரணியின் முறை. இனிப்புத் தண்ணி குடித்துவிட்டுத்தான் தியேட்டருக்குப் போகலாம் என்று அவளுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்கள். யோகநாதனும் பக்கத்தில் நின்று சிரித்துத் தலையாட்டியவர்தான். இப்போது இரவிலிருந்து தண்ணி காட்டாததில் பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவர் கட்டிலடிக்கு வந்ததும் அழுதுகொண்டே கேட்டாள்.

"டொக்டர், தண்ணி எங்க? சிஸ்டர் தாறன் எண்டவ."

யோகநாதன் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "அப்பிடியா? சிஸ்டர் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மரியகொறற்றி கட்டிலருகே போனாள். பிள்ளைக்கு முன்னால் என்னத்தைச் சொல்ல? பஞ்சை நனைத்து அந்த உதட்டைத் துடைக்கப் போனாள். ஆரணி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க பொய்க்காரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.