லாடம் கழற்றிய நாள்

1

இந்தக் கதைக்கு ஆசைப்பட்டு நான் ஒரு குதிரையைக் கெடுத்தேன். 'கொன்றேன்' என்றுதான் முதலில் எழுதினேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். கொன்றிருந்தால் இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது.

தொடக்கங்கள் பல எழுதிப் பார்த்தேன். ஒன்று: "தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோக்கள் வந்து சேர்ந்தபோது மோத்திக்கு வயது இருபத்திரண்டு." மோசமில்லை, ஆனால் பழியைத் தூக்கி ஆட்டோ மேல் போடுகிறது. இன்னொன்று: "பச்சைப் புல்லில் வெறுங்காலோடு அவள்..."

இதை முடிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2

எண்பத்தாறில் நான் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அப்போதே இரண்டு கதைகள் அச்சில் வந்திருந்தன. (ஊரில் 'கதைக்கார கம்பவுண்டர்' என்பார்கள். கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிரும்.)

சித்திரை மாதம், ஜட்கா வண்டி ஓட்டும் கவுஸ் பாஷா தன் பெட்டைக் குதிரை மோத்தியை நடத்திக்கொண்டு வந்தார். கூடவே அவர் மகள் நசீம் பானு, பால்வாடி டீச்சர். டாக்டர் குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ளங்கால் தேஞ்சுபோச்சு பாய். இனி வண்டி இழுக்காது. லாடத்தோட, மெத்துன்னு மண்ணு கொட்டிக் கட்டி வெச்சா கொஞ்ச நாள் ஓடும். இல்லன்னா ஊசி போட்டுடலாம், வலி தெரியாது. என்னைக் கேட்டா ஊசிதான்."

"ஊசியே போட்டுடலாம்ப்பா," என்றாள் நசீம். "நிக்க முடியாம காலை மாத்தி மாத்தி வெக்குது. பாக்க முடியலப்பா."

கவுஸ் பாஷா மோத்தியின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "பதினேழு வருசமா என் வூட்டுக்குச் சோறு போட்டதுங்க. அதுக்கு ஊசி போடுங்கன்னு என் வாயால எப்படிங்க சொல்றது?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "பென்னாகரம் பக்கத்துல மாதையன்னு எனக்குத் தெரிஞ்சவரு இருக்காருங்க. காடு தோட்டம் இருக்கு. அங்க விட்டுடலாம். ரிட்டயர் ஆன மாதிரி நிம்மதியா இருக்கட்டும்."

அவர் முகம் மலர்ந்தது. நசீம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். [அந்தப் பார்வையை மூன்று முறை விவரித்து மூன்று முறையும் கிழித்துவிட்டேன். அவள் சரியாகச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.]

3

மாதையன் கொல்லையில் டெம்போவிலிருந்து மோத்தியை இறக்கினோம். கவுஸ் பாஷா இடுப்பிலிருந்து லாடம் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார். ஜட்காக்காரர்களிடம் ஒரு வழக்கம்: ஓய்வு கொடுத்த குதிரையின் காலில் லாடத்தை விட்டுவைக்க மாட்டார்கள். லாடம் இருக்கிறவரை அது இன்னும் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

குறடும் கையுமாக என்னைப் பார்த்தார். "கழட்டிடலாங்களா? காலு இப்படி இருக்குது. நீங்க ஆஸ்பத்திரிக்காரரு, நீங்க சொல்லுங்க."

லாடம் போனால் தேய்ந்த உள்ளங்கால் நேராகத் தரையில் படும், நிற்கவே முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் சொல்லும்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது: பச்சைப் புல்லில் வெறுங்காலோடு அவள் நடந்தாள். அந்த வாக்கியத்தை விட எனக்கு மனசு வரவில்லை.

"கழட்டுங்க," என்றேன்.

(புல் என்று ஒன்றும் அங்கே இல்லை. மழை பொய்த்த வருடம். சரளைக்கல்லும் காய்ந்த சாமைத்தாளும்தான்.)

4

பன்னிரண்டாம் நாள் மாதையன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "படுத்த குதிரை எந்திரிக்க மாட்டேங்குதுங்க. முழங்காலெல்லாம் புண்ணு. ஈ மொய்க்குது." டாக்டரிடம் சொன்னால் லாடத்தைப் பற்றிக் கேட்பாரே என்று பயந்து இரண்டு நாள் தள்ளினேன். அந்த இரண்டு நாளும் அது வெயிலில் கிடந்தது.

மூன்றாம் நாள் டாக்டரைக் கூட்டிப் போனேன். அதே ஊசியைப் போட்டார்.

"லாடத்தை யாருய்யா எடுத்தது?"

"வண்டிக்காரரு சார். அவங்க வழக்கமாம்."

இது பொய்யில்லை. அதனால்தான் சொல்ல அவ்வளவு சுலபமாக இருந்தது.

அடுத்த வாரம் கவுஸ் பாஷா கடைவீதியில் மடக்கிக் கேட்டார். "மோத்தி நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க. உடம்பு கூடப் போட்டிருக்குது."

அன்று தொடங்கி மாதா மாதம் என்னிடம் மூன்று படி கொள்ளு கொடுத்தனுப்புகிறார், மோத்திக்கு. இரண்டு வருடமாக என் வீட்டில் கொள்ளு ரசம்.

5

முடிவுகள்.

(அ) கவுஸ் பாஷா ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறார். மாதையன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். கவுஸ் பாஷா திரும்பி வந்து என்னை...

அவர் என்னை ஒன்றும் செய்ய மாட்டார். அதுதான் தாங்காது.

(ஆ) நான் அவர் காலில் விழுகிறேன். அவர் மன்னிக்கிறார். வாசகருக்குக் கண் கலங்குகிறது. இதிலும் எனக்குத்தான் நல்ல பெயர். வேண்டாம்.

(இ) யாருக்கும் தெரியாமல் போகிறது. போன வாரம்வரை இதுதான் முடிவாக இருந்தது. போன வாரம் அவர் சொன்னார்: "பெருநாள் முடிஞ்ச ஞாயித்துக்கெழம போலாங்க. ஒரு தடவ கண்ணால பாத்துடறேன். நீங்களும் வரணும்."

6

நசீம், என் கதைகளை உன் அப்பாவுக்கு நீதான் படித்துக் காட்டுகிறாய் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதையும் படிப்பாய். மூன்றாம் பகுதியில் நிறுத்திக்கொண்டால் மோத்தி உயிரோடு இருக்கும். முழுக்கப் படித்தால்...

முடிவை உன்னிடம் விடுகிறேன் என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டேன். பிறகு அந்த வரியை வாசித்தேன். அன்றைக்கு நீ சொன்னதைக் கேட்காதவன், இன்றைக்கு என் வேலையை உன் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். இது அச்சாகி வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் பெருநாள் வந்துபோய்விடும். அதற்கு முன்பே உன் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் என் வாயால் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டேன் என்று இங்கே எழுதிவிடலாம், எழுதுவது எனக்குச் சுலபம். எழுதவில்லை.

நான் வந்தேனா இல்லையா என்பது, இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும்.