ஐம்பதடிக் கம்பி

மாட்டுங்காவில் குடியிருந்த பிரம்மநாயகம் நாக்பூருக்கு மாற்றலாகிப் போனபோது, தன்னுடைய உடைந்த குட்டி விமானத்தை சுயம்புவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அறுபத்து நாலாம் வருஷம், ஜனவரி மாசம். "ரயில்ல ஏத்தினா மிச்சமும் தூளாயிரும். நீரே வச்சுக்கும். இஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சுயம்பு சயானில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். அந்த இஞ்சினுக்கு இரண்டு தடவை ஷாஃப்ட் நிமிர்த்திக் கொடுத்தவன் அவன்தான். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த உயரம்கூட இருக்காது. அதற்குள் பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் உண்டு. ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, விசிறியை விரலால் சுண்டினால் குளவிக்கூடு கலைந்த மாதிரி இரையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரம்மநாயகம் அவனைக் கூட்டிப்போய்ப் பறக்கவிட்டுக் காட்டியிருந்தார். மைதானத்தின் நடுவில் மனுஷர் நிற்கிறார். கையில் ஒரு பிடி. பிடியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பி, தலைமயிர் போல மெலிசு, ஐம்பதடி நீளம். மறுமுனையில் விமானம். அவர் நின்ற இடத்திலேயே சுற்ற, அது வட்டம் போட்டுப் பறக்கிறது. மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறுகிறது, கீழே சாய்த்தால் இறங்குகிறது. நாலு எண்ணுவதற்குள் ஒரு சுற்று. சுயம்பு பிளந்த வாயை மூட மறந்து நின்றான்.

இப்போது அது அவன் கையில். உடைந்த இறக்கைக்கு மூங்கிலைச் சீவி விலா எலும்புகள் வைத்தான். டீப்பெட்டிப் பலகையில் மூக்கு செய்தான். மேலே சிவப்புப் பட்டுத்துணி ஒட்டி வார்னிஷ் அடித்தான். பதினைந்து நாள், வேலை விட்டு வந்ததும் இதே வேலை.

பக்கத்து வீட்டுப் பூதத்தான் தோல் பட்டறைக்காரன், சுயம்புவின் கூட்டாளி. இரண்டு பேரும் பஸ் ஏறி தேவ்நார் பக்கம் பொட்டலுக்குப் போனார்கள். பூதத்தான் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இஞ்சின் முறுகியதும் விட்டான். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் சுயம்புவுக்குத் தலை கிறுகிறுத்தது. உலகம் கோடுகோடாக ஓட, கை தானாக வெட்டி இழுத்தது. விமானம் செங்குத்தாக ஏறி, கவிழ்ந்து, மூக்கால் தரையைக் குத்தியது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சில்லுகளைப் பையில் பொறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவனிடம் அவனுடைய அக்கா முருகம்மாள், "ஏலே, அது எப்படித்தான் இருக்கு, நானும் தொட்டுப் பாக்கேன்" என்றாள்.

முருகம்மாளுக்கு ஒன்பது வயசில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனது. இப்போது முப்பத்தெட்டு. ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் பட்டறையில் வேலை. பின்னி முடித்ததும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். எந்த இழை தொய்வு, எந்த இழை முறுக்கேறிப் போச்சு என்று அந்தச் சத்தமே அவளுக்குச் சொல்லிவிடும். மேஸ்திரி அவள் வேலையைத் திரும்பப் பார்ப்பதே இல்லை.

சுயம்பு ஒட்டுப்போட்டு முடித்த அன்றைக்கு, சந்து நீளத்துக்கும் கம்பியை விரித்தான். அந்தக் கோடியில் பூதத்தான் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, இந்தக் கோடியில் முருகம்மாள் பிடியை வாங்கினாள். மெதுவாக மணிக்கட்டை அசைத்தாள். மறுபடியும் அசைத்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"மேல் கம்பி எங்கனயோ உரசுது."

"உரசாதுக்கா. எண்ணெய் போட்டிருக்கேன்."

"உரசுதுன்னு சொல்லுதேன். இறக்கையை விட்டு வெளிய வாற இடத்துல."

சுயம்பு போய்ப் பார்த்தான். இறக்கை நுனியில் கம்பி நுழையும் தகரக் குழாயின் விளிம்பில், நகம் பட்டால்தான் தெரிகிற ஒரு பிசிறு. ஐம்பதடிக்கு அப்பால்.

"இன்னொண்ணு. நான் கையை ஒரு நூல்தான் அசைக்கேன், அதுக்கே வாலு துள்ளுது. கை நடுங்கினாலே கவுந்துரும்லா. நாற்காலியில இப்படி வெடுக்குன்னு இழுத்தா பிரம்பு அறுந்துபோவும்."

அவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். குழாயைப் பித்தளையில் கடைந்து வழவழப்பாக்கினான். இறக்கைக்குள்ளே கம்பியின் இழுப்பை வாலுக்குக் கொண்டுபோகிற முக்கோணத் தகட்டில், தள்ளுகம்பியை உள்பக்கத்துத் துளைக்கு மாற்றினான். இப்போது கை நிறைய அசைந்தால்தான் வால் கொஞ்சம் அசையும். மூக்கில் ஈயத்துண்டு ஒன்றை வைத்துக் கட்டினான். மறுபடி அவளிடம் பிடியைக் கொடுத்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இது பேசுது. ஞாயித்துக்கெழம நானும் வாரேன்."

"நீ அங்க வந்து என்னக்கா செய்வே?"

"புடிப்பேன்."

பஸ்ஸில் விமானம் அவள் மடியில் பழைய சேலைக்குள் சுற்றியிருந்தது. பொட்டலில் உப்புக்காற்று மெல்ல அடித்தது. எருமை ஓட்டிவந்த இரண்டு பெண்கள் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். சுயம்பு அக்காவை நடுவில் நிறுத்தி, அவளுக்குப் பின்னால் தான் நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்துப் பிடியைப் பற்றினான். இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றுவது, அவன் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. பூதத்தான் இஞ்சினைக் கிளப்பினான். இரைச்சல் முறுகி ஒரே சீராக நின்றதும் விட்டான்.

கம்பி விறைத்தது. அக்காவின் தோள் ஒருமுறை அதிர்ந்ததை சுயம்பு உணர்ந்தான். அவள் "அம்மாடி" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்றில் எருமைகளும் உப்பளமும் வானமும் கலங்கி ஓடத் தொடங்கின. ஐந்தாவது சுற்றில் அவன் கால் பின்னிக்கொண்டது. கை நழுவியது. மல்லாக்க விழுந்தான்.

போச்சு என்று கண்ணை இறுக்கி மூடினான். மூக்கு தரையில் குத்தும் சத்தத்துக்குக் காத்திருந்தான்.

சத்தம் வரவில்லை. குளவி இரைந்துகொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தான். தலைமேல் இரண்டு கம்பிகள் வெயிலில் மின்னிக் கடந்தன. மறுபடி கடந்தன. அவனுக்குப் பக்கத்தில் அக்காவின் பாதங்கள், செருப்பில்லாத பாதங்கள், சின்னச் சின்ன அடியாக வைத்து இடம் மாறாமல் சுற்றிக்கொண்டிருந்தன. சேலை முந்தியை இடுப்பில் செருகியிருந்தாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கியிருந்தாள். விமானம் ஓர் ஆள் உயரத்தில், கோடு கிழித்தாற்போலப் போய்க்கொண்டிருந்தது.

"எக்கா!"

"அப்படியே கெட. கம்பியில மாட்டிக்காத."

"தலை சுத்தலியா?"

"எனக்குச் சுத்துறதுக்கு என்ன இருக்கு? அதுதான் சுத்துது. நான் கூடவே போறேன்."

பிறகு அவள் மணிக்கட்டைச் சாய்த்தாள். விமானம் ஏறியது. துள்ளாமல், தயங்காமல், மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது. இரண்டு ஆள் உயரம், தென்னை உயரம். அவள் கை அதன் பின்னாலேயே உயர்ந்தது. சிவப்புப் பட்டுக்குள்ளே வெயில் புகுந்து மூங்கில் விலாக்களெல்லாம் தெரிந்தன. அவன் கையால் சீவிய மூங்கில். அது இவ்வளவு அழகு என்று அவனுக்கு இதுவரை தெரியாது. தான் செய்தது விழுகிறதைத்தான் அவன் பார்த்திருக்கிறான். அவனுக்குக் கண் கலங்கியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. கோவிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவன் மாதிரி, ஆனால் மல்லாந்து, கிடந்தான்.

"இந்தப் பக்கம் கடலா?" என்று அவள் கேட்டாள். விமானம் அப்போது மேற்கே இருந்தது.

"ஆமா. எப்படித் தெரியும்?"

"அங்க போவும்போது கம்பி கொஞ்சம் இளகுது. காத்து நம்ம பக்கமாத் தள்ளுதுலா."

நாலு நிமிஷம் பறந்திருக்கும். இஞ்சின் இருமியது. எண்ணெய் தீர்ந்தால் என்ன செய்வது என்று சுயம்பு அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை. அவன் கத்த வாயெடுப்பதற்குள் சத்தம் நின்றது. பொட்டல் முழுக்க அமைதி. காற்றைச் சீவுகிற ஒலி மட்டும். இழுப்பு குறைந்ததும் அவள் ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. தொய்ந்த பிரம்பை இழுத்து நேராக்குகிற அதே நிதானத்தோடு கம்பியை விறைப்பாகவே வைத்துக்கொண்டு, கையை மெல்ல மெல்லத் தாழ்த்தினாள். விமானம் தரையைத் தொட்டு, ஒரு குதி குதித்து, ஒரு சக்கரத்தைத் தொலைத்துவிட்டு, சாய்ந்து நின்றது.

பூதத்தான் ஓடிவந்தான். எருமைக்காரப் பெண்களும் வந்தார்கள். அவர்களில் மூத்தவள் முருகம்மாளின் கண்களைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், "இவளா ஓட்டினாள்?" என்று ஹிந்தியில் பூதத்தானிடம் கேட்டாள். அவன் தலையாட்டியதும் அவள் முருகம்மாளின் வலது கையை எடுத்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் பிடியின் தடம் சிவந்து பதிந்திருந்தது. அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுப் போனாள்.

சுயம்பு உட்கார்ந்தபடி, "எக்கா, எப்படி இருந்துச்சு?" என்றான்.

அவள் அவன் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"கீழ காத்து முறுமுறுன்னு இருக்கு, சாக்கைத் தடவுத மாதிரி. மேல போவப்போவ வழவழன்னு ஆவுது. ஒரு எடத்துல சுத்தமா ஒண்ணுமே இல்ல. அத்தனை பெரிசு. நீங்கல்லாம் தெனமும் அதைப் பாக்கீங்களா?"

சுயம்பு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான். வெறும் நீலம். அவள் சொன்ன எதுவும் அவன் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

"இல்லக்கா" என்றான்.

முருகம்மாள் கம்பியை விரலில் வாங்கி, சிக்கில்லாமல் சுருட்டத் தொடங்கினாள். பாதி சுருட்டியதும் நிறுத்தினாள்.

"ஏலே, இது ஐம்பதடிதானே? அடுத்த வாரம் இன்னும் பத்தடி கூட்டிப் போடு."